ராஜாங்கத்திற்கு மனச்சாட்சி உண்டா?

ராஜாங்கத்திற்கு மனச்சாட்சி உண்டா, உண்டெனில் அது ஒரு மதத்தைச் சார்ந்தே தீரவேண்டுமா என்ற வினாவை ஏட்டில் ஆராய்ந்த தத்துவ ஞானிகள் அநேகர். ஆனால் அதைத் தம் பொதுவாழ்வு முழுவதும் சுமந்து, இளமையில் ஒரு விடையும் முதுமையில் நேர்மாறான விடையும் அளித்தவர், நான்கு தடவை பிரிட்டிஷ் பிரதம மந்திரியாயிருந்த கிளாட்ஸ்டன். முப்பது வயது நிரம்புமுன், 1838இல் அவர் வெளியிட்ட நூலின் சித்தாந்தம் இது: ராஜாங்கமும் தனிமனிதனைப் போலத் தர்மாதர்மம் அறிந்த ஒரு கர்த்தா, ஆகையால் அது சத்தியமென்று கண்ட மதத்தை வெளிப்படையாக அனுஷ்டித்துப் போஷிக்கக் கடமைப்பட்டது. அப்படியானால், மனிதர் ஒரு காரியத்திற்காகக் கூட்டும் ஒவ்வொரு சங்கத்திற்கும் ஒரு மதம் வேண்டுமே என்று மறு ஆண்டிலேயே சரித்திராசிரியர் மெக்காலே மறுத்தெழுதினார். தர்க்கத்தில் வென்றவர் மெக்காலேதான்.

ஆயினும் கிளாட்ஸ்டனை மாற்றியது அந்தத் தர்க்கமன்று, ஐர்லாந்து. மேனூத் என்ற ஊரிலிருந்த கத்தோலிக்க குருமடத்திற்கான மானியத்தை 1845இல் அரசு உயர்த்த முற்பட்டபோது, அது தம் நூலுக்கு விரோதமென்று மந்திரி பதவியைத் துறந்த அவர், பிறகு அதே மசோதாவுக்கு ஆதரவாக வாக்களித்தார். (சகாக்களுக்கு இது விளங்கவேயில்லை, விளங்காததில் வியப்புமில்லை.) பெரும்பான்மையோர் கத்தோலிக்கராயிருந்த அத்தேசத்தில் ஆங்கிலத் திருச்சபையின் கிளையொன்று ராஜாங்க மதமாக வீற்றிருந்ததை 1869இல் சட்டத்தால் நீக்கியவரும் அவரே. கத்தோலிக்கத்தைத் தழுவுவோர் அறிவின் சுதந்திரத்தையே இழக்கிறார்கள் என்று 1874இல் எழுதிய அவர், அவ்வாண்டிலேயே அம்மதத்தைத் தழுவிய ரிப்பன் பிரபுவை 1880இல் இந்தியாவுக்கு வைஸ்ராயாக அனுப்பியதையும், சென்னை மாநகராட்சி மாளிகையின் பெயரில் அந்த நியமனத்தின் சுவடு இருப்பதையும் நம்மவர் அறிவது நலம்.

இந்தப் பரிணாமத்தின் சிகரம் பிராட்லா விவகாரம். நார்தாம்ப்டன் வாக்காளர் 1880இல் தேர்ந்தெடுத்த பிராட்லா பகிரங்க நாஸ்திகர். தெய்வத்தின் பெயரால் பிரமாணம் செய்யாமல், வெறும் உறுதிமொழி கூறிப் பாராளுமன்றச் சபையில் அமர அவர் அனுமதி கேட்டார். சபை மறுத்தது, வாக்காளரோ அவரையே திரும்பத் திரும்ப அனுப்பினர். அவர் போன்றோருக்கு இடமளிக்கும் மசோதாவை ஆதரித்து 1883இல் கிளாட்ஸ்டன் நிகழ்த்திய பிரசங்கம், பக்தர் ஒருவர் நாஸ்திகருக்காக வாதாடியவற்றுள் ஒப்பற்றதென்பது என் துணிபு. கிறிஸ்துவை ஏற்காதவரையும் ஏதோ ஒரு கடவுளை ஒப்புக்கொண்டால் போதுமென்று சபை அனுமதிக்கிறதே, மனிதரின் இன்பதுன்பங்களில் சற்றும் சிரத்தையின்றி எங்கோ வீற்றிருப்பதாக லுக்ரீஷியஸ் என்ற ரோமானியக் கவி பாடிய தேவர்களை நம்பினாலும் அந்த நிபந்தனை நிறைவேறிவிடுமே, அத்தகைய பெயரளவுத் தெய்வத்தைக் காவலாக நிறுத்துவதால் மெய்யான மதத்திற்கு என்ன கௌரவம் என்பது அவர் வாதத்தின் சாரம். மூன்றே வாக்குகளில் மசோதா தோற்றது. பிராட்லாவே முன்னின்று நடத்திய சட்டம் 1888இல் நிறைவேறியபோது கிளாட்ஸ்டன் அதிகாரத்தில் இல்லை.

இவர் விசுவாசம் தளர்ந்து இப்படி மாறினார் என்பார் கூற்று பிழை. விசுவாசம் ஆழ்ந்ததனாலேயே, ராஜாங்கத்தின் பலவந்தத்தை அதற்கு அவமானமென்று உணர்ந்தார். ஆனால் பழைய சித்தாந்தத்தின் ஒரு பாதியைத்தான் அவர் கைவிட்டார். ராஜாங்கத்திலிருந்து மதத்தை நீக்கினாரே தவிர, அதற்கு மனச்சாட்சி உண்டென்ற நம்பிக்கையை விடவில்லை. அந்த மனச்சாட்சியின் குரலைத் தம் நெஞ்சிலேயே கேட்கலானார். ஆப்கானிய மலைக் கிராமங்களின் உயிரும் புனிதமென்று 1879இல் ஸ்காட்லாந்து மேடைகளில் முழங்கியவரின் ஆட்சியில், 1882 ஜூலையில் பிரிட்டிஷ் கப்பற்படை எகிப்தின் அலெக்ஸாண்டிரியாவைக் குண்டு வீசித் தகர்த்தது. அதை எதிர்த்துச் சக மந்திரி ஜான் பிரைட் பதவியைத் துறந்து வெளியேறினார். கிளாட்ஸ்டனோ அந்தக் குண்டுவீச்சைத் தர்மமென்றே கருதினார். அவருடைய முதலீட்டில் ஏறக்குறைய மூன்றிலொரு பங்கு எகிப்தியக் கடன் பத்திரங்களில் இருந்தது என்பதைச் சரித்திராசிரியர் பின்னர் கண்டெடுத்தனர். அவர் வஞ்சகரல்லர், தம்மை இடைவிடாது சோதித்து நாட்குறிப்பு எழுதிய ஆத்மா. அத்தகையவரின் சோதனைக்கும் எட்டாத ஓர் அறை இருந்ததே, அதுதான் நம்மைக் கலங்கச் செய்கிறது.

அந்த அறையின் திறவுகோல் தந்தையின் வீட்டிலேயே இருந்தது. தந்தை ஜான் கிளாட்ஸ்டன், இன்றைய கயானாவிலுள்ள டெமராராவிலும் ஜமைக்காவிலும் தோட்டங்கள் உடையவர். அடிமைமுறை ஒழிக்கப்பட்டபோது ஏறக்குறைய 2,500 அடிமைகளுக்கு ஈடாக லட்சம் பவுனுக்கு மேல் பெற்றார். மகன் 1833இல் பாராளுமன்றத்தில் எழுந்து தந்தையின் தோட்ட நிர்வாகத்தை ஆதரித்தே பேசினார். 2023 ஆகஸ்டில் அவ்வம்சத்தினர் கயானாவின் தலைநகருக்குச் சென்று மன்னிப்புக் கோரினர். அந்த நஷ்ட ஈட்டை வழங்கிய பிரிட்டிஷ் ராஜாங்கம் முறையான மன்னிப்பு எதையும் இதுவரை கோரவில்லை.