தலை மாறிய ஜீப்

வேதாளம் விக்கிரமாதித்தனிடம் கேட்ட கேள்விகளுள், மாறிய தலைகளைப் பற்றிய கேள்வி போல் மனசைக் குடைவது வேறில்லை. ஒருத்தியின் கணவனும் அவள் தமையனும் தேவியின் கோயிலில் ஒருவர் பின் ஒருவராகத் தலையை வெட்டிக்கொண்டு விழுகிறார்கள். அவளும் உயிரை விடத் துணியும்போது தேவி பிரசன்னமாகி, தலைகளை உடல்களோடு சேர்த்து வைக்கச் சொல்கிறாள். பதற்றத்தில் அவள் தலைகளை மாற்றி வைத்துவிடுகிறாள். இப்போது எவன் அவள் புருஷன்? எண்சாண் உடம்புக்குச் சிரசே பிரதானம். கணவனின் தலை எந்த உடம்பின்மேல் இருக்கிறதோ அவனே கணவன் என்று விக்கிரமாதித்தன் சொல்லிவிடுகிறான். வேதாளம் திருப்தியோடு மறுபடியும் மரத்தில் ஏறிக்கொள்கிறது.

ராஜாக்களுக்குத் தீர்ப்புச் சொல்வது சுலபம். அந்தத் தீர்ப்போடு குடித்தனம் நடத்த வேண்டியவள் அந்தப் பெண் அல்லவா? 1940-ல் இந்தக் கதையை எடுத்துக்கொண்ட ஜெர்மன் நாவலாசிரியர் தாமஸ் மன்னும், பின்னால் ‘ஹயவதன’ நாடகத்தில் கிரீஷ் கர்னாடும் ராஜாவின் தீர்ப்போடு நிற்கவில்லை. தமையனை நண்பனாக்கிக்கொண்டு, நாள் ஆக ஆக என்ன நடக்கும் என்று பார்த்தார்கள். தலைக்குத் தகுந்தாற்போல் உடம்பு மெல்ல மெல்ல மாறுகிறது. வேதாளம் கேட்க மறந்த கேள்வி இதுதான்.

இந்தக் காலத்தில் தேவியின் கோயிலுக்குப் போக வேண்டியதில்லை. மோட்டார் பட்டறைக்குப் போனால் போதும். பழைய ஜீப்பிலிருந்து எஞ்சினைச் சங்கிலி கட்டித் தூக்கிவிட்டு, வேறொரு வண்டியிலிருந்து வந்த புது டீசல் எஞ்சினை அதில் இறக்குகிறார்கள். “இது அந்த ஜீப்தானா?” என்று வேடிக்கை பார்ப்பவர்களில் யாராவது ஒருவர் கேட்காமல் இருப்பதில்லை.

நம் ஊர் ஜீப்பின் சரித்திரமே தலை மாறிய சரித்திரம்தான். இரண்டாம் உலக யுத்தத்தில் ஓடிய வில்லிஸ் ஜீப்புக்கு 60 குதிரைச் சக்தியுள்ள பெட்ரோல் எஞ்சின். பானெட் தாழ்வாக இருக்கும். பிறகு அந்தக் கம்பெனி ‘ஹரிக்கேன்’ என்று ஓர் எஞ்சின் செய்தது. அது கொஞ்சம் உயரமானது. பழைய பானெட்டுக்குள் அடங்கவில்லை. ஆகவே 1953-ல் பானெட்டையே உயர்த்திவிட்டார்கள். கலெக்டர் ஜீப், போலீஸ் ஜீப், தேர்தல் ஜீப் என்று நாம் பார்த்து வளர்ந்த, மகிந்திரா கம்பெனி பல்லாண்டுகள் செய்து விற்ற அந்த நெற்றி உயர்ந்த முகம், எஞ்சின் மாறியதால் வந்த முகம்! தாமஸ் மன் சொன்னது இரும்பிலும் பலிக்கிறது.

1973-ல் எண்ணெய் நெருக்கடி வந்தது. பெட்ரோல் விலை ஏற ஏற, பெட்ரோல் குடிக்கும் ஜீப்பை வைத்துக்கொள்வது யானையைக் கட்டித் தீனி போடுகிற கதையாயிற்று. டீசலோ நெடுங்காலம் சர்க்கார் தயவில் மலிவாகக் கிடைத்தது. 2014 அக்டோபரில்தான் அதன் விலையையும் சந்தைக்கு விட்டார்கள். கம்பெனியே 1980-களில் பிரெஞ்சுக்காரர்களான பியூஜோவின் 2112 சி.சி. டீசல் எஞ்சினை ஜீப்பில் வைத்தது. கம்பெனி செய்ததை ஊர்ப் பட்டறைகளும் செய்தன. பழைய பெட்ரோல் ஜீப்புகளுக்கு டீசல் நெஞ்சு வந்தது.

மீஞ்சூருக்கு வடகிழக்கே, பழவேற்காட்டுப் பக்கத்துக் குப்பங்களில் ஜீப் ஓட்டியவர்களுக்கு டீசல்மேல் ஒரு தனிப் பிரியம் உண்டு. அதற்கு விலை மட்டும் காரணமல்ல. பெட்ரோல் எஞ்சினுக்கு மின்பொறி வேண்டும். பிளக், காயில், டிஸ்ட்ரிபியூட்டர் எல்லாம் உலர்ந்திருக்க வேண்டும். ஒரு புறம் ஏரி, மறு புறம் கடல், நடுவே உப்புக் காற்று என்று இருக்கும் இடத்தில் எது உலர்ந்திருக்கும்? பழைய டீசல் எஞ்சினுக்கு இந்தத் தொல்லை இல்லை. காற்றை இறுக்கினால் சூடேறுகிறது. அந்தச் சூட்டிலேயே எண்ணெய் பற்றிக்கொள்கிறது. ஒரு முறை உறுமிவிட்டால் மழையோ ஈரமோ பார்க்காது. மணலில் தாழ்ந்த கியரில், பதறாமல், எருமை சேற்றில் நடப்பதுபோல் இழுத்துக்கொண்டு போகும். இப்போது வருகிற ‘காமன் ரெயில்’ டீசல் எஞ்சின்களில் மறுபடியும் கம்பிகளும் மின் மூளையும் வந்து சேர்ந்துவிட்டன என்பது வேறு விஷயம்.

சரி, அது அதே ஜீப்தானா?

விக்கிரமாதித்தன் இன்று ஆர்.டி.ஓ. ஆபீஸில் உட்கார்ந்திருக்கிறான். அவனுக்குப் பிரதானம் சேஸிஸில் வெட்டியிருக்கும் எண். 1988-ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, தயாரித்தவர் குறித்த விவரங்களுக்கு முரணாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டும் அதையே உறுதி செய்தது. தெளிவான தீர்ப்பு. ஆனால் கடலோரத்தில் ஒரு வண்டியின் சேஸிஸும் துருப்பிடித்து உதிர்கிறது. எதை ஆத்மா என்று சட்டம் நம்புகிறதோ, அதை உப்புக் காற்று தின்கிறது.

தத்துவ சாஸ்திரிகளும் இதில் சும்மா இருக்கவில்லை. தீஸியஸின் கப்பலில் ஒவ்வொரு பலகையாக மாற்றிய பிறகும் அது அதே கப்பல்தானா என்று கிரேக்கர்கள் சண்டை போட்டதாகப் புளூடார்க் எழுதுகிறார். நாகசேனரோ மிலிந்தனின் ரதத்தைக் காட்டி, சக்கரமா ரதம், அச்சா ரதம் என்று கேட்டு, ரதம் என்பது வெறும் பெயர் என்று முடித்துவிட்டார். நாகசேனர் சொல்வது எனக்குப் பிடிக்கும். ஆனாலும் இந்த இரண்டு உவமைகளும் ஜீப்புக்குப் பொருந்தவில்லை. கப்பலில் உளுத்த பலகை போய் அதே அளவுப் பலகைதான் வந்தது. கப்பலின் வேகம் கூடவில்லை. ஜீப்பிலோ பலம் மாறுகிறது.

யுத்த காலத்து ஜீப்புக்கு 60 குதிரைச் சக்தி என்றேன். அதன் கியர் பாக்ஸ், அச்சு, ஒன்பது அங்குல டிரம் பிரேக் எல்லாம் அந்த 60-க்கு அளவெடுத்துத் தைத்த சட்டை. அதில் இன்றைய 105 குதிரைச் சக்தி எஞ்சினை இறக்கினால் என்ன ஆகும்? லேத்தில் ஓர் இடைத் தகடு கடைந்து எஞ்சினையும் கியர் பாக்ஸையும் சேர்த்துவிடலாம். மவுண்டிங்கை வெட்டி ஒட்டலாம். பெரிய ரேடியேட்டர் வைக்கலாம். முன்பாரம் கூடியதால் பட்டை ஸ்பிரிங்கில் ஒரு பட்டை சேர்க்கலாம். இவையெல்லாம் செய்யாவிட்டால் வண்டி நகராது, ஆகவே செய்துவிடுகிறார்கள். பிரேக்கை மாற்றாவிட்டாலும் வண்டி நகரும். அங்கேதான் நியாயம் இடறுகிறது.

புதுப் பலம் கால் பெருவிரலை அழுத்திய மாத்திரத்தில் தெரிந்துவிடுகிறது. அதன் சுகம் முழுவதும் ஓட்டுபவனுக்கு. பலத்தைத் தாங்க மாட்டாத பாகத்தின் பலவீனம் என்றைக்கோ ஒரு நாள்தான் தெரியும். அன்று அதன் துக்கம் பெரும்பாலும் வேறொருவருக்கு. ஏரிக்கரை மணலில் இருபது கிலோமீட்டர் வேகத்தில் ஊர்கிற வரையில் யாருக்கும் ஆபத்தில்லை. ஆனால் வண்டலூரிலிருந்து 62 கிலோமீட்டர் ஓடிவரும் வெளிவட்டச் சாலை மீஞ்சூரில்தான் வந்து முடிகிறது. ஆறு வழிச் சாலை. புது எஞ்சின் போட்டவன் அதில் ஏறாமல் இருப்பானா? பிரேக் பிடித்த பிறகு ஐம்பதில் போகும் வண்டி நிற்பதற்கு வேண்டிய தூரத்தைப்போல் ஏறக்குறைய நான்கு மடங்கு, நூறில் போகும் வண்டிக்கு வேண்டும். கூடையோடு சாலையைக் கடக்கிற மீன்காரிக்கு இந்தக் கணக்குத் தெரியாது. அவள் கண்ணுக்கு அது பழைய ஜீப். பழைய ஜீப் மெதுவாகத்தான் வரும். அவளைப் பொறுத்தவரை அந்த வண்டியின் முகமே ஒரு பொய்.

105 என்ற எண்ணை நான் சும்மா சொல்லவில்லை. 2010-ல் மகிந்திரா கம்பெனி அந்த எஞ்சினை ஏறக்குறைய பழைய ஜீப்பின் உருவத்திலேயே வைத்து ‘தார்’ என்று விற்றது. அப்போது முன் சக்கரங்களுக்கு டிஸ்க் பிரேக் கொடுத்தார்கள். முன்பக்கத்துப் பட்டை ஸ்பிரிங்கையும் எடுத்துவிட்டார்கள். தலை மாறினால் உடம்பு மாற வேண்டும் என்பதை வியாபாரியே ஒப்புக்கொண்டிருக்கிறான்.

எஞ்சின் மாற்றுகிறவர்களைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது என் நோக்கமல்ல. நன்றாயிருக்கிற உடம்பை எஞ்சின் போய்விட்டது என்பதற்காகக் காயலான் கடைக்குத் தள்ளுவதைவிட, அதற்கு இன்னும் இருபது வருஷ ஆயுள் கொடுப்பது சிக்கனம் மட்டுமல்ல, ஒருவித மரியாதையும்கூட. படம் பார்த்தல்ல, கையால் தடவிப் பார்த்தே அளவு சொல்கிற மெக்கானிக்குகள் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்கள் திறமை முன் எனக்குப் பொறாமைதான் உண்டு. ஆனால் விற்கும்போது பாருங்கள்: கௌரவத்துக்கு “பழைய வில்லிஸ் சார்” என்கிறார்கள், அடுத்த மூச்சில், வேகத்துக்கு “புது எஞ்சின் சார்” என்கிறார்கள். எது சௌகரியமோ அது ஆத்மா!

பழவேற்காட்டு ஏரியில் ‘பாடு’ என்று ஒரு முறை உண்டு. மீன் படும் இடங்களை ஊரார் வகுத்து வைத்திருக்கிறார்கள். உரிமையுள்ள குடும்பங்கள் சீட்டுப் போட்டு, முறை வைத்து அங்கே வலை போடுகின்றன. தோள் வலு உள்ளவன் என்பதற்காக ஒருவனுக்கு இரண்டு முறை கிடையாது. ஒருவனுடைய பலம் மற்றவர் எல்லோருடைய விவகாரமும்தான் என்பது இதன் அடிப்படை. அந்த உரிமை இல்லாதவர்கள் வெளியே நிற்கிறார்கள் என்ற அநீதி அதிலும் இருக்கிறது, மறைப்பானேன்? இருந்தாலும், கூடிக் கேட்க அங்கே ஒரு சபை இருக்கிறது. தார் ரோட்டில் அப்படி ஒரு சபை இல்லை. இருப்பது ஆர்.சி. புத்தகம். அதில் எஞ்சின் எண்ணுக்கு இடம் உண்டு, எரிபொருளுக்கு இடம் உண்டு. பிரேக்குக்கு இல்லை.

எனக்குத் தெரிந்த ஒருவர் தம் ஜீப்புக்கு இப்படி எஞ்சின் மாற்றினார். மீஞ்சூர்ப் பக்கத்துப் பட்டறை. கணக்குப் போட்ட பணமெல்லாம் எஞ்சினோடும் கியர் பாக்ஸோடும் தீர்ந்துபோயிற்று. பிரேக்கை அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம், இப்போது வண்டியைக் கொடு என்றார். மெக்கானிக் சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

“பேப்பர் வேலை உங்க பாடு, நான் கேட்கலை. பிரேக்கு என் பாடு. எதிர்ல வர்றவன் என்னா எஞ்சின் போட்டுக்கினு வர்றீங்கன்னு உங்களைக் கேட்டுட்டா வரப்போறான் சார்?”

“வண்டி என்னுதுப்பா.”

“உங்களுதுதான் சார். யார் இல்லேன்னாங்க?”

நண்பர் கோபமாக என்னிடம் வந்தார். கூலி பாக்கியில்லாதபோது பிறத்தியார் சொத்தைப் பிடித்து வைக்க இவனுக்கு என்ன அதிகாரம் என்று கேட்டார். சட்டப்படி ஒரு அதிகாரமும் இல்லை என்றே சொன்னேன். போலீஸுக்குப் போனால் சாவி அன்றைக்கே கைக்கு வந்துவிடும் என்றும் சொன்னேன். கூட வருகிறாயா என்று கேட்டார். வரவில்லை என்றேன். ஜீப் பதினேழு நாள் அந்தப் பட்டறையிலேயே நின்றது.