துண்டுக்குள் விரல்

சிக்கல் என்றதும் நாகப்பட்டினம் பக்கத்து முருகன் கோயில் ஞாபகம் வருகிறதா? நான் சொல்வது இன்னொரு சிக்கல். ராமநாதபுரம் மாவட்டம், கடலாடிப் பக்கம். அங்கே வாத்தியாராக இருக்கும் நண்பர் போன் செய்தார்.

''அண்ணே, வீடு கட்ட லோன் போடுறேன். ரெண்டு பேர் வந்தாங்க. ஒருத்தன் முடிச்சுக் குடுக்கப் பத்தாயிரம் கேக்கிறான். இன்னொருத்தர் ஒத்தப் பைசா வேணாங்கிறார். தங்கமான மனுஷர்!''

மரியாதையைக் கவனித்தீர்களா? காசு கேட்டவன் 'ன்'. கேட்காதவர் 'ர்'!

தங்கமான மனுஷரும் பைக்குக்குப் பெட்ரோல் போட்டாக வேண்டும். அந்தக் காசை பேங்க் கொடுக்கிறது. லோன் பட்டுவாடா ஆனதும், தொகையில் இத்தனை சதவிகிதம் என்று ஏஜென்ட்டுக்குக் கமிஷன். சட்டப்படி தப்பே இல்லை. ஆனால், இவர் யாருடைய ஆள்?

கணக்குப் போட்டுப் பாருங்கள். 25 லட்ச ரூபாய் கடன், 20 வருஷம், 9 சதவிகித வட்டி என்றால் மாதத் தவணை சுமார் 22,490 ரூபாய். அதுவே ஒன்பதரை என்றால் 23,300. மாதம் 810 ரூபாய்தானே என்று தோன்றும். கடைசி வரை வட்டி அப்படியே இருந்தால், 240 மாதத்தில் அது 1,94,000 ரூபாயைத் தாண்டிவிடும். அரை சதவிகிதம் குறைவாக வாங்கும் பேங்க் கமிஷனும் குறைவாகத் தந்தால், நம் 'இலவச' ஆலோசகர் எந்தப் பேங்கைக் கை காட்டுவார்? அவருக்கும் பிள்ளைக்கு ஃபீஸ் கட்ட வேண்டியிருக்கிறதே!

மாட்டுச் சந்தையில் துண்டைப் போட்டு மூடி, விரலைப் பிடித்து விலை பேசுவார்கள். சுற்றி நிற்கிறவனுக்குத் தெரியாது. விரல் பிடித்த இருவருக்கும் தெரியும். வீட்டுக் கடனில் துண்டுக்குள் இருப்பது பேங்க்கின் விரலும் ஏஜென்ட்டின் விரலும். மாட்டை வாங்குகிற நீங்கள் வெளியே நிற்கிறீர்கள்!

பிரிட்டனில், அடமானக் கடன் ஆலோசகர் தன் கட்டணத்தையும், கடன் கொடுக்கும் நிறுவனத்திடம் தான் வாங்கும் கமிஷனையும் வாடிக்கையாளரிடம் சொல்லியாக வேண்டும். இங்கே 2024 அக்டோபர் 1 முதல், எல்லாச் செலவும் சேர்ந்த வருட வட்டி எவ்வளவு என்று ஒரு தாளில் எழுதித் தரச் சொல்லியிருக்கிறது ரிசர்வ் வங்கி. நல்ல விஷயம்தான். கையெழுத்துக்கு முன் கேட்டு வாங்குங்கள். லோனோடு ஒட்டிக்கொண்டு வரும் இன்ஷூரன்ஸ் பிரீமியம்கூட அதில் தெரிந்துவிடும். ஆனால், அதில் வருவது நீங்கள் கட்டுகிற கட்டணங்கள்தான். பேங்க் ஏஜென்ட்டுக்குக் கொடுப்பது துண்டுக்குள்ளேயே இருக்கும்.

பத்தாயிரம் கேட்டவர் யோக்கியர் என்று சர்டிஃபிகேட் தரவில்லை. அவர் இரண்டு பக்கமும் வாங்கலாம். அதனால் நண்பரிடம் சொன்னேன்: ''ரெண்டு பேர்கிட்டயும், 'இதுல உங்களுக்கு எவ்வளவு வருது, எந்த பேங்க்னா கூட வரும்'னு கேளுங்க.''

''அதை எப்படிண்ணே மூஞ்சிக்கு நேரா கேக்கிறது? சங்கடமா இருக்கே...''

மீன்காரம்மாவிடம் பத்து ரூபாய்க்கு மல்லுக்கு நிற்கிற மனுஷன்! இருபது வருஷக் கடனுக்குக் கூச்சம். டீ வாங்கிக் கொடுத்தவரைச் சந்தேகப்பட்டால் நாமே கெட்டவனாகிவிட்டதுபோல ஒரு குறுகுறுப்பு. 'இலவசம்' என்ற வார்த்தை நம் வாயைக் கட்டிப்போடுகிறது.

போனை வைக்கும் முன் நண்பர் கேட்டார்: ''உங்க பத்திரிகையிலயும் ஹோம் லோன் விளம்பரம் வருதே... நாங்க குடுக்கிற விலை பேப்பருக்கே காணாதே, மிச்சம் யாருண்ணே தர்றா?''

விளம்பரம் தருகிறவர்கள்தான். ''அதையும் எழுதிடறேன்'' என்றேன்.

எழுதிவிட்டேன். பேங்க் பெயரைத்தான் போடவில்லை, கவனித்தீர்களா?