பின்னால் கத்துகிற ஆடு



1 சாமுவேல் 15-ஐ எடுத்து வாசியுங்கள். அமலேக்கியரை முறியடித்த சவுல் கில்காலுக்கு வருகிறான். ராஜாவாகிய ஆகாகையும் கொழுத்த ஆடுமாடுகளையும் தப்பவிட்டுவிட்டு, கர்த்தர் சொன்னதைச் செய்து முடித்தேன் என்று சாமுவேலிடமே சொல்கிறான். பின்னால் ஆடு கத்துகிறது! கேட்டால், பலியிடத்தான் வைத்தோம் என்கிறான். கவனியுங்கள், பலி கொடுக்க மாட்டேன் என்றவன் அல்ல அவன். கேட்காததைக் கொடுக்கத் தயாராக நின்றான், கேட்டதைத்தான் கொடுக்கவில்லை.

சவுலைக் குறைசொல்ல எனக்கு வாயில்லை. அப்பா போனபின் தோப்பை விற்றோம். தம்பி பங்கில் 18,000 ரூபாய் என் கையில் நின்றது. "ஊழியத்துக்குத்தானே" என்று சபைக் கூரைக்குத் தகரம் வாங்கிப் போட்டேன். ஜனங்கள் ஸ்தோத்திரம் சொன்னார்கள். நானும் சேர்ந்து சொன்னேன். ஆனால் மழை பெய்து தகரம் சடசடக்கும்போதெல்லாம் எனக்கு ஆடு கத்துகிற மாதிரியே கேட்கும். பிரசங்கம் ஓடாது. மூன்று நாள் உபவாசம் இருந்தேன். கர்த்தர் பேசியது ஒன்றே ஒன்று: தம்பி வீட்டுக்குப் போ. உபவாசம் லேசுங்க, அந்த வாசற்படிதான் கஷ்டம்.

தேவ பிள்ளையே, கூலி பாக்கியை வைத்துக்கொண்டு தசமபாகம் போடுகிறாயா? உன் பின்னால் என்ன கத்துகிறது?

பைக்கை விற்றுப் பணத்தைக் கொண்டுபோனேன். தம்பி எண்ணிக்கூடப் பார்க்கவில்லை. "இதுக்காகவா நாலு வருஷமா வராம இருந்தே, அண்ணே?" என்றான். எனக்குப் பதில் வரவில்லை.

இப்போது வீடு சந்திப்புக்கு சைக்கிளில்தான் வருகிறேன். கொஞ்சம் தாமதமானால் பொறுத்துக்கொள்ளுங்கள்.