வடிகுழாயும் வாழ்நாளும்

1894-ஆம் ஆண்டில் ரவாங் ஈயச் சுரங்கத்திலே தம்புசாமிப் பிள்ளையும் லோக் யூவும் மின்சார விசையினால் நீரிறைக்கச் செய்தனர். நீரை இறைத்தது அடியிலுள்ள ஈயத்துக்காக. மனித உடலில் நீரை வடிக்க முற்படும்போதும், எதன்பொருட்டு என்னும் வினா எழுதல் வேண்டும்.

கருப்பைவாய், சிறுநீர்ப்பை முதலிய இடங்களிற் புற்றுநோய் முற்றுங்கால், சிறுநீர்க் குழல்கள் அடைபட்டுச் சிறுநீரகம் செயலிழப்பதுண்டு. அப்போது முதுகின் வழியே சிறுநீரகத்துள் குழாயிட்டு நீரை வெளியேற்றுவர். 1955-இல் மருத்துவ உலகுக்கு அறிவிக்கப்பட்ட இம்முறை பலரைக் காத்துள்ளது. புற்றுக்கு மேற்கொண்டு சிகிச்சை உண்டெனில், பெரும்பாலும் தயங்க வேண்டுவதில்லை.

சிகிச்சையனைத்தும் முடிந்தவர்க்கோ, குழாய் புற்றைத் தீர்ப்பதில்லை. பெரும்பாலும் கிடைப்பன சில மாதங்களே; அவற்றிலும் குழாய் நழுவுதல், அடைத்தல், காய்ச்சல் எனப் பல நாட்கள் ஆஸ்பத்திரியிலே கழியும். மகளின் மணத்தைக் காண விழைவார்க்கு அம்மாதங்கள் பெருஞ்செல்வம். வலியால் நைந்தார்க்கு நீட்டிய வேதனை. எது தமக்கென்று உரைக்கவல்லவர் நோயாளி ஒருவரே.

நாமோ, தோட்டத்திலாயினும் பட்டணத்திலாயினும், நோயின் பெயரையே அவரிடம் மறைத்து, மக்களும் மைத்துனரும் கூடித் தீர்ப்புச் செய்கின்றோம், இதனை அன்பென்கின்றோம். கழிவு இரத்தத்தில் ஏற ஏற அறிவு மயங்கும். பின்னர்க் கேட்டுப் பயனில்லை. தெளிவுள்ளபோதே கேட்பதுதான் அறம் என்போம்.

வேண்டாமென்று அவர் சொல்லின், அது கொலையன்று; உயிர் கவர்வது நோயே. கைவிடலும் அன்று, வலியையும் மூச்சுத் திணறலையும் தணிக்க வழியுண்டு. 1991-இல் தோன்றிய ஹோஸ்பிஸ் மலேசியா கிள்ளான் பள்ளத்தாக்கில் வீடு தேடிச் சென்று இத்தொண்டைப் புரிகின்றது. விதியென்று வாளாவிருத்தலும், இயன்றதையெல்லாம் செய்தே தீர்வோமென்றலும் சிந்தியாமையே. முதலில் அவரைக் கேட்போமாக.