இரண்டு சர்வரும் ஒரே பாதையைப் படிக்கட்டும்

மேலகரத்திலிருந்தும் இலஞ்சியிலிருந்தும் குத்துக்கல்வலசையிலிருந்தும் மென்பொருள் வேலைக்குப் போகிற தம்பிகளே, தங்கைகளே, இன்று மேசையை விட்டு எழுந்திருக்கும் முன் ஒரு காரியம் செய்யுங்கள். வெளியிலிருந்து வரும் கோரிக்கையை முதலில் வாங்குகிற சர்வர் ஒரு முகவரியை எப்படிப் படிக்கிறது, அதை வாங்கிக்கொள்ளும் அப்ளிகேஷன் சர்வர் எப்படிப் படிக்கிறது என்று இரண்டு லாகையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வேறுபாடு தெரிந்தால் நாளைக்கு என்று தள்ளாதீர்கள். சொல்லுவதற்குக் காரணம் இருக்கிறது.

மத்தளம்பாறையில் அலுவலகம் வைத்து நம் வட்டாரத்துப் பிள்ளைகள் பலருக்கு இந்தத் தொழிலைக் காட்டிய நிறுவனம் சோஹோ. அதன் மேனேஜ்என்ஜின் பிரிவு ‘ஏடி செல்ஃப்சர்வீஸ் பிளஸ்’ என்றொரு மென்பொருளை விற்கிறது. ஊழியர்கள் தங்கள் பாஸ்வேர்டைத் தாங்களே மாற்றிக்கொள்ள உதவுவது அது. 2021-இல் அதில் ஒரு ஓட்டை வெளிப்பட்டது. வரும் பாதை லாகின் தேவைப்படும் பாதையா என்று ஒரு ஃபில்டர் பார்க்கும். அது வந்த எழுத்துகளை வந்தபடியே வைத்துப் பார்த்தது. பாதையின் முன்னால் ‘/./’ என்று சேர்த்து அனுப்பினால், இது நான் காக்கிற பாதை இல்லை என்று விட்டுவிட்டது. அடுத்த கட்டத்தில் டாம்கேட் என்ற அப்ளிகேஷன் சர்வர் அந்தப் புள்ளியைக் கழித்துவிட்டு, காக்கப்பட வேண்டிய அதே இடத்துக்கே கோரிக்கையைக் கொண்டுபோய்ச் சேர்த்தது. யார் என்று கேட்காமலே ஆளை உள்ளே விட்டதற்குச் சமம்.

நிறுவனம் 6114 என்ற பதிப்பில் அதைச் சரிசெய்து செப்டம்பரில் வெளியிட்டது. செப்டம்பர் 16 அன்று அமெரிக்காவின் எஃப்.பி.ஐ.யும் சைபர் பாதுகாப்பு முகமையான சிசாவும் கடலோரக் காவல்படையின் சைபர் பிரிவும் சேர்ந்து எச்சரித்தன. ஆனாலும் நவம்பர் 9 அன்று, பேட்ச் போடாத ஒரு சர்வர் வழியாகப் பன்னாட்டுச் செஞ்சிலுவைக் குழுவின் தரவுக்குள் யாரோ நுழைந்தார்கள். 2022 ஜனவரி 18 வரை அது தெரியவே இல்லை. 5,15,000-க்கும் மேற்பட்டோரின் விவரங்கள் அங்கே இருந்தன. அவர்கள் யார்? போரிலும் பேரிடரிலும் குடும்பத்தைப் பிரிந்தவர்கள், காணாமற்போனவர்கள், அவர்களைத் தேடுகிற தாய்மார்கள், சிறையில் இருப்பவர்கள். இலங்கைப் போரில் பிள்ளையைத் தொலைத்த எத்தனையோ குடும்பங்கள் போய் நின்றதும் இதே செஞ்சிலுவைக் குழுவிடம்தான். இதற்கு மேல் இழக்க எதுவுமில்லாதவர்கள் நம்பிக் கொடுத்த பெயரும் முகவரியும் அவை. ஒரு புள்ளியையும் ஒரு ஸ்லாஷையும் இரண்டு நிரல்கள் இரண்டு விதமாகப் படித்ததில் தொடங்கிய வினை அது.

ஒரு நிறுவனத்தின் மேல் மட்டும் பழியைப் போட்டுவிட்டு நகர முடியாது. 2020 ஜூலையில் எஃப்5 நிறுவனத்தின் பிக்-ஐபி கருவிகளில் இதே இனத்து ஓட்டை. முன்னால் அப்பாச்சி வெப் சர்வர், பின்னால் டாம்கேட். பாதையின் நடுவே ‘..;’ என்று எழுதினால் அப்பாச்சிக்கு அது வெறும் ஒரு பெயர். டாம்கேட்டோ அரைப்புள்ளிக்குப் பின்னால் வருவதை வெட்டி எறிந்துவிட்டு, மிஞ்சிய இரண்டு புள்ளிகளை ‘ஒரு படி மேலே போ’ என்று எடுத்துக்கொள்ளும். உங்கள் கான்ஃபிகில் ‘/நிர்வாகம்’ என்பதைத் தடுத்துவிட்டு நிம்மதியாக இருக்கிறீர்களா? ‘/பொது/..;/நிர்வாகம்’ என்று அனுப்பிப் பாருங்கள். புளியரை சோதனைச்சாவடியில் சீட்டைப் படிப்பவர் ஒன்று படிக்க, சரக்கை இறக்குகிறவர் வேறொன்று படித்தால், சோதனை நடந்ததாகவே கணக்கில்லை.

முன்னால் என்ஜின்எக்ஸ் வைத்திருப்பவர்கள் இதைக் கவனமாகக் கேளுங்கள். எந்த விதி பொருந்தும் என்று தேடும்போது அது பாதையை டீகோட் செய்து, புள்ளிகளைக் கழித்து, இரட்டை ஸ்லாஷைச் சேர்த்துப் பார்க்கிறது. ஆனால் ப்ராக்ஸி பாஸ் வரியில் சர்வர் பெயருக்குப் பின் பாதை எதுவும் இல்லையென்றால், வந்த வடிவத்தையே உள்ளே அனுப்புகிறது. சோதித்தது ஒன்று, அனுப்பியது இன்னொன்று. அந்த வரியின் கடைசியில் ஒரே ஒரு ஸ்லாஷ் சேர்த்தால் நடத்தை மாறிவிடும். சீர்செய்து மாற்றி எழுதிய பாதை போகும். ஒரு ஸ்லாஷுக்கு இவ்வளவு பொருள் இருக்கும்போது, எவரோ எழுதிய கான்ஃபிகை எடுத்து ஒட்டி, ‘ஓடுதுல்லா’ என்று விட்டுவிடுவது தொழில் தர்மம் ஆகாது. ஓடுவது வேறு, சரியாக இருப்பது வேறு.

ஒரே பாதையை இரண்டு முறை டீகோட் செய்யாதீர்கள். 2005-இல் வந்த இணைய முகவரி விதியான ஆர்.எஃப்.சி. 3986 இதைத் தெளிவாகவே தடுத்திருக்கிறது. அப்பாச்சி 2.4.49-இல் பாதையைச் சீர்செய்யும் பகுதியில் பிழை வந்தது. 2021 அக்டோபரில் அவசரமாக 2.4.50 வெளியிட்டார்கள். ‘%%32%65’ என்று அனுப்பியவர்கள் அதையும் தாண்டினார்கள். முதல் டீகோடில் அது புள்ளியின் குறியீடாகிறது, இரண்டாவதில் புள்ளியே ஆகிறது. சில நாளிலேயே 2.4.51 வர வேண்டியிருந்தது. உலகமே பார்த்துப் பார்த்து எழுதுகிற நிரலுக்கே இந்தக் கதி என்றால், அரைமணி நேரத்தில் நாம் எழுதும் ஃபில்டரை எந்தத் துணிச்சலில் நம்புவது?

தமிழில் முகவரி வைப்பவர்களுக்குக் கூடுதல் பொறுப்பு. திரிகூடராசப்பக் கவிராயரின் ஊர் என்று மேலகரத்துக்கு ஒரு பக்கம் வைத்து, முகவரியிலும் ஊர்ப்பெயரைத் தமிழிலேயே எழுதுங்கள். எழுத வேண்டும் என்பதுதான் என் ஆசையும். யூனிகோடில் அந்தப் பெயருக்கு ஏழு குறியீடுகள், யூடிஎஃப்-8-இல் 21 பைட்டுகள். சதவீதக் குறியோடு என்கோட் ஆகும்போது 63 எழுத்துகள். லாகில் படிக்க முடியவில்லையே என்று நடுவில் ஒருவர் டீகோட் செய்வார், அப்படியே முன்னே அனுப்பியும் விடுவார். அங்கேதான் சிக்கல் தொடங்கும். இன்னொன்று: ‘கோயில்’ என்பதில் ஓகாரக் குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம், ஏகாரக் குறியும் காலுமாக இரண்டாகவும் எழுதலாம். கண்ணுக்கு வேறுபாடே தெரியாது, பைட்டுகள் வேறு. ஒரு வடிவத்தை மட்டும் தடுத்திருந்தால், மற்றது தாராளமாக உள்ளே போகும். ஒரே இடத்தில், ஒரே முறை, ஒரே வடிவத்துக்குக் கொண்டுவாருங்கள். சோதிப்பதும் அனுப்புவதும் அந்த வடிவமாகவே இருக்கட்டும்.

சந்தேகமான பாதையைத் திருத்தித் தர முயலாதீர்கள். என்கோட் செய்த ஸ்லாஷ், அரைப்புள்ளி ஒட்டிய இரட்டைப் புள்ளி, உடைந்த யூடிஎஃப்-8: உங்கள் பயனர் எவரும் இவற்றை அனுப்பப்போவதில்லை. 400 என்று சொல்லித் திருப்பி அனுப்புங்கள். அப்படிச் செய்த பிறகும், அப்ளிகேஷன் தன் பங்குக்கு ‘நீ யார், உனக்கு இது உண்டா’ என்று கேட்டே ஆக வேண்டும். முன்னால் இருப்பவர் பார்த்துக்கொள்வார் என்று பின்னால் இருப்பவரும், பின்னால் பார்த்துக்கொள்வார்கள் என்று முன்னால் இருப்பவரும் இருந்ததால்தான் இவ்வளவும் நடந்தது.

குழுவுக்குத் தலைமை தாங்குகிற அண்ணாச்சிகளே, இந்தச் சோதனைக்கு நேரம் கேட்கும் இளையவரை ‘ரிலீஸ் முடியட்டும்’ என்று வாயடைக்காதீர்கள். இரண்டு மாதம் முன்பே வந்த பேட்ச் போடப்படாமல் கிடந்ததற்குத்தான் அந்த ஐந்து லட்சம் பேர் விலை கொடுத்தார்கள். உங்கள் சர்வர்களின் பட்டியலை எடுங்கள். எதில் எந்தப் பதிப்பு ஓடுகிறது என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். பழையது கண்ணில் பட்டால் இன்றே மேம்படுத்துங்கள். முடியாவிட்டால், முடியும்வரை அதை இணையத்திலிருந்து கழற்றி வையுங்கள்.