வற்கடமும் வினைப்பயனும்

மழை பொய்த்து நாடு வற்கடமுறுங்கால், "இஃது அவரவர் வினைப்பயன், இதனை விலக்கப் புகுதல் இறைவன் ஆணைக்கு மாறாகாதோ?" என வினவுவார் நம்மவருள்ளும் உளர். இவ்வினாச் சித்தாந்தத்தின் வழிவந்தது போலத் தோன்றினும், அதனைப் பிறழ வுணர்ந்தமையான் எழுந்ததேயாம். அதனை ஈண்டுச் சிறிது ஆராய்வாம்.

உயிர்க்குறுந் துன்பம் தன்னான் வருவதும், பிறவுயிரான் வருவதும், தெய்வத்தான் வருவதும் என மூவகைப்படுமென்ப. பஞ்சத்துன்பம் இவற்றுள் எதன்பாற் படும்? தாது வருடப் பஞ்சத்தை எடுத்து நோக்குவாம். 1876-ஆம் ஆண்டிற் சென்னை மாகாணத்துப் பல பகுதிகளில் இரு பருவமழையும் பொய்த்தன. பசிபிக் மாகடலின் மேல்நீர் வழக்கத்தின் மிக்கு வெம்மையுற்றமையாற் பருவக்காற்றுத் தளர்ந்ததென இக்கால வானிலை நூலார் கூறுப. இவ்வளவும் தெய்வத்தான் வந்ததே.

பின் நிகழ்ந்தவையோ அத்தகையனவல்ல. ஏரியும் கிணறும் வற்றின, புல்லின்றி உழவுமாடுகள் மடிந்தன, விதைநெல் உலையேறிற்று. நிலமில்லாக் கூலியாளரும், துணி விற்பனையற்ற நெசவாளருமே முதற்கண் வீழ்ந்தனர். கூலம் கைக்கெட்டா விலையேறிற்று. அந்நாளிலும் இந்நாட்டுக் கோதுமை கப்பலேறி இங்கிலாந்து சென்றது. 1877-ஆம் ஆண்டுத் தொடக்கத்திற் சர் ரிச்சர்டு டெம்பிள் என்பார், பஞ்சவேலை செய்வோர்க்கு நாளொன்றுக்கு ஓர் இராத்தல் தானியமும் சிறிது காசுமே போதுமென வரையறுத்தார். அஃது உயிர்தாங்கப் போதாதென்று சுகாதாரத் தலைவர் டாக்டர் கார்னிஷ் மறுத்தெழுதினார். சில திங்களிற் கூலி உயர்த்தப்பட்டது. மழையின்மை வானின் செயல். கூலிக்குறைவு மக்கள் செயல். இரண்டனையும் ஒன்றாக்கி வினைமேல் ஏற்றுதல் பொருந்தாது.

அற்றேல், பஞ்சத்தால் மாண்டோர் தம் வினையான் மாண்டிலரோ வெனின், கூறுதும். வினை சடம், தானே வந்து பயன் தராது. அதனைக் கூட்டுவிப்பவன் இறைவனே. ஓருயிர்க்கு எவ்வளவு துன்பம் எஞ்சியுள்ளதென அறிபவனும் அவனே, நாம் அறியேம். பசித்தான் ஒருவன் நம் வாயிலில் வந்து நிற்பானாயின், அவன் வினை கழியுங் காலம் நம் கைச்சோற்றின் வடிவாய் வந்திருத்தல் கூடும். அதனை மறுப்பவன் பிறன் வினையைக் காத்தானல்லன். தனக்குப் புதிய ஆகாமியத்தைத் தேடிக்கொண்டானாவன். வினைக்கொள்கை தன் துன்பத்தைப் பொறுத்தற்குக் கருவி. பிறர் துன்பத்தைப் பொறுத்தற்குக் கருவியன்று.

திருவீழிமிழலையிற் பஞ்சம் வந்துற்ற ஞான்று நிகழ்ந்ததைச் சேக்கிழார் பெருமான் விரித்தருளினார். ஆளுடைய பிள்ளையார்க்கும் ஆளுடைய அரசுக்கும் இறைவன் நாடோறும் படிக்காசு அருளினான். காலத்தின் தீங்கு அவ்விருவர் உள்ளத்தையும் தாக்காதாயினும், அவரைச் சார்ந்தோர் பொருட்டே அருளினானென்பது கருதத்தக்கது. மழையை உடனே பெய்விக்க வல்லவன், முதற்கட் காசளித்து, அடியார் கையால் அமுதளிக்கச் செய்தான். பிறரை ஊட்டுதல் அவன் ஆணைக்கு மாறாயின், அவனே அதற்குக் காசளிப்பானோ?

இவ்வுண்மை கேட்டின்புறுதற்கு மட்டும் உரியதன்று. கோயில்களும் மடங்களும் நிலமுடையன. அந்நிலத்தை உழுவோர் வானை நோக்கி வாழ்பவர். விளைவு பொய்த்த ஆண்டிற் குத்தகையை முழுதுங் கேட்டுவிட்டு, மகேசுர பூசையைக் குறைவற நடத்தினோமென்று மகிழ்தல் தகுமா? உழுதவன் அடுப்பு எரியாதிருக்க நம் மடைப்பள்ளி எரியுமாயின், அவ்வமுது யார் பசியிலிருந்து எடுக்கப்பட்டது? பாக்கியைத் தள்ளுதலும், விதையும் மாடும் வாங்கக் கைகொடுத்தலும், ஏரியைத் தூர்வாருதலும் சிவபுண்ணியத்தின் வேறல்ல. அடுத்த வற்கடம் வருமுன்னரே இவற்றை எண்ணுதல் நம் கடன்.