சரிபார்க்க முடியாத சொல்

ஜார்ஜ் ஆர்வெல்லின் '1984' நாவலில் சைம் என்றொரு அகராதிக்காரன் வருகிறான். அமைச்சகத்தின் உணவகத்தில் சாப்பிட்டுக்கொண்டே நாவலின் நாயகன் வின்ஸ்டனிடம் தன் வேலையைப் பற்றிப் பேசுகிறான். அரசு உருவாக்கும் புது மொழியான 'நியூஸ்பீக்'கின் அகராதி 11-ஆம் பதிப்பாகத் தயாராகிக்கொண்டிருக்கிறது. நாங்கள் புதுச் சொற்களை உருவாக்குவதாக வெளியில் நினைக்கிறார்கள். உண்மையில் நாள்தோறும் நூற்றுக்கணக்கான சொற்களை அழித்துக்கொண்டிருக்கிறோம் என்கிறான். சொல்லும்போது அவன் முகம் மலர்கிறது. பின்னொரு நாள் சைம் வேலைக்கு வரவில்லை. அவன் உறுப்பினனாக இருந்த சதுரங்கக் குழுவின் பட்டியலில் ஒரு பெயர் குறைந்திருக்கிறது. அப்படி ஒருவன் இருந்ததே இல்லை என்றாகிவிடுகிறது.

இருண்ட எதிர்காலத்தை எழுதிய நாவலாசிரியர்கள் பலரும் புதுச் சொற்களைப் படைத்தார்கள். அவற்றை வேற்றுலகச் சூழலைக் காட்டும் அலங்காரமாக எண்ணிக் கடந்துவிடக் கூடாது. நியூஸ்பீக்கில் 'ஃப்ரீ' என்ற சொல் அகராதியில் அப்படியே இருக்கும். ஆனால் நாயின் உடலில் பேன் இல்லை, வயலில் களை இல்லை என்று சொல்ல மட்டுமே அது உதவும். அரசியல் விடுதலை என்ற பொருள் அதிலிருந்து உருவப்பட்டுவிட்டது. பொருள் இல்லாதபோது ஏக்கம் எங்கிருந்து வரும்? பொய்யை நம்பவைப்பதோடு அந்த அரசு நிற்பதில்லை. மறுப்பதற்குத் தேவையான சொல்லே மனதில் எழாதபடி செய்வதுதான் அதன் இலக்கு.

இது வெறும் கற்பனை அன்று. '1984' வெளிவந்தது 1949-இல். அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன், ஹிட்லர் ஆட்சியின் மொழியைப் பற்றி விக்டர் கிளெம்பெரர் ஒரு நூல் வெளியிட்டிருந்தார். டிரெஸ்டன் நகரில் பேராசிரியராக இருந்து, யூதர் என்பதால் வேலையை இழந்தவர் அவர். நூலகத்துக்குள் நுழையவும் தடை. அந்த ஆண்டுகளில் தன்னைச் சுற்றி மொழி மாறுவதை நாட்குறிப்பில் பதிந்துவந்தார். 'வெறி' என்ற வசைச்சொல் புகழ்ச்சொல்லாக மாறியதை அவர் கவனித்தார். 'தனிச்சிறப்பு நடவடிக்கை' என்று அலுவலகக் கோப்புகள் எழுதியது கொலையைத்தான். கையெழுத்திட்ட குமாஸ்தா கொலை என்ற சொல்லைத் தொடவே வேண்டியிருக்கவில்லை.

புதுச் சொல்லுக்குப் பழைய நினைவு கிடையாது. அதனால்தான் அதிகாரம் அதை விரும்புகிறது. அதற்கு எதிராக இந்த நாவலாசிரியர்கள் கையில் எடுத்தது பழைய நூல்களின் எதிரொலியை. ஆல்டஸ் ஹக்ஸ்லி 1932-இல் வெளியிட்ட 'பிரேவ் நியூ வேர்ல்டு' நாவலின் தலைப்பே ஷேக்ஸ்பியரின் 'டெம்பஸ்ட்' நாடகத்திலிருந்து வந்தது. தீவில் தனித்து வளர்ந்த மிராண்டா, முதன்முறையாக மனிதக் கூட்டத்தைக் கண்டு வியந்து சொல்லும் சொற்கள் அவை. அந்தக் கூட்டத்தில்தான் அவளுடைய தந்தையின் நாட்டைப் பறித்தவனும் நிற்கிறான். நாடகம் அறிந்த வாசகர் அட்டையிலேயே எச்சரிக்கையைக் கேட்டுவிடுகிறார். ஹக்ஸ்லியின் உலகில் 'தாய்' என்பது கூசவைக்கும் ஆபாசச் சொல். கிழிந்துபோன ஒரு ஷேக்ஸ்பியர் தொகுப்பைப் படித்து வளர்ந்த ஜான் என்ற இளைஞனுக்கு மட்டுமே துக்கத்தையும் காதலையும் சொல்ல வார்த்தைகள் இருக்கின்றன.

பழைய வரிகள் காப்பாற்றும், புதிய சொற்கள் கொல்லும் என்று இங்கேயே முடித்துவிடலாம். நாவல்கள் முடிக்க விடுவதில்லை. '1984'இல் லண்டன் தேவாலய மணிகளைப் பற்றிய ஒரு குழந்தைப் பாட்டைத் துண்டு துண்டாகச் சேகரிக்கிறான் வின்ஸ்டன். அதை முதலில் சொல்லித்தந்த கடைக்காரர் சிந்தனைக் காவல்துறையின் ஆள். விடுபட்ட அடியை நிறைவு செய்துகொடுத்த கட்சி அதிகாரி ஓபிரையன்தான் பிறகு அவனைச் சித்திரவதை செய்கிறான். கைதாகும் நேரத்தில் அந்தப் பாட்டின் கடைசி அடிகளைச் சொல்லிக்கொண்டே வருகிறது கடைக்காரரின் குரல். நினைவே தூண்டில் இரையாக மாறிவிட்டது.

மார்கரெட் அட்வுட் 1985-இல் வெளியிட்ட 'தி ஹேண்ட்மெய்ட்ஸ் டேல்' இன்னும் ஒரு படி போகிறது. வரலாற்றில் எங்கும் நடந்திராத எதையும் அதில் சேர்ப்பதில்லை என்று உறுதி வைத்துக்கொண்டு எழுதியவர் அவர். கிலியட் என்ற அந்த நாட்டின் பெயர் விவிலியத்திலிருந்து வந்தது. பிள்ளை பெற்றுத்தரப் பெண்களை வீடுகளுக்கு அனுப்புவதற்கான நியாயம், ஆதியாகமத்தில் ராகேல் தன் பணிப்பெண் பில்காளை யாக்கோபுக்குக் கொடுத்த கதையிலிருந்து எடுக்கப்படுகிறது. கதை சொல்லும் பெண்ணின் பெயர் ஆஃப்ஃபிரெட். ஃபிரெட்டுக்கு உரியவள் என்று பொருள். பெண்கள் படிக்கக் கூடாது. அவர்களுக்கு மலைப்பிரசங்கம் ஒலிப்பதிவாக ஒலிக்கிறது. அதில் மௌனமாக இருப்பவர்களையும் ஆசீர்வதிக்கும் ஒரு வரி நுழைக்கப்பட்டிருக்கிறது. 'ஒவ்வொருவரிடமிருந்தும் திறனுக்கேற்ப, ஒவ்வொருவருக்கும் தேவைக்கேற்ப' என்று கார்ல் மார்க்ஸால் புகழ்பெற்ற வாசகம், கொடுப்பவர் 'அவள்', பெறுபவர் 'அவன்' என்று திருத்தப்பட்டு, புனித பவுலின் பெயரில் ஓதப்படுகிறது. மலைப்பிரசங்க வரி பொய் என்று அவளுக்குத் தெரியும். ஆனால் சரிபார்க்க வழியில்லை. அவள் அனுப்பப்பட்ட தளபதி ஃபிரெட்டின் வீட்டில் விவிலியம் பூட்டிய பெட்டிக்குள் இருக்கிறது.

அந்தப் பூட்டை இதற்கு முன்பும் பார்த்திருக்கிறோம். ஹக்ஸ்லியின் உலகை ஆள்பவர்களில் ஒருவரான முஸ்தபா மாண்டும் விவிலியத்தைப் பெட்டகத்தில் பூட்டித்தான் வைத்திருக்கிறார். அவர் அதைப் படித்தவர். பிறர் படிக்கக் கூடாது என்பதே சட்டம். இரண்டு நாவல்களிலும் ஆள்பவரிடம் மூலநூல் இருக்கிறது. ஆளப்படுபவரிடம் மேற்கோள் மட்டுமே இருக்கிறது. கொடுமை தொடங்கும் இடம் இதுதான். சொல் பழையதா புதியதா என்பதைவிட, அதை எடுத்த இடத்துக்கு நாமே போய்ப் பார்க்க முடியுமா என்பதே முக்கியமான கேள்வி.

'1984' நாவலின் முடிவில் நியூஸ்பீக்கின் இலக்கணத்தை விளக்கும் ஒரு பின்னிணைப்பு உண்டு. அமெரிக்க நூல் சங்கம் ஒன்று அதை நீக்கினால் நூலைத் தேர்வு செய்வதாகச் சொன்னபோது, நோயில் கிடந்த ஆர்வெல் மறுத்துவிட்டார். அந்தப் பின்னிணைப்பு இறந்தகாலத்தில் எழுதப்பட்டிருக்கிறது. அப்படியானால் அந்த மொழி ஒருநாள் செத்திருக்கிறது, அதைப் பற்றி எழுத ஒருவர் மிஞ்சியிருக்கிறார் என்று நம்ப இடமிருக்கிறது.

நம் வீட்டுப் பெட்டிகள் இன்னும் பூட்டப்படவில்லை. ஒரு பெரியவரின் பெயரில் ஒரு வரி உங்களிடம் வந்தால், தலையாட்டுவதற்கு முன் எழுந்து போய் அந்தப் புத்தகத்தைத் திறந்து பாருங்கள். ஆஃப்ஃபிரெட்டால் செய்ய முடியாமல் போனது அதுதான். நம்மால் இன்றைக்கும் செய்ய முடிகிறது.